பாத்ரூமில் கேஸ் கீசர்: கார்பன் மோனாக்சைடு அலாரம் எதை வாங்குவது, எங்கே மாட்டுவது?

கோவைவாசி:
வணக்கமுங்க. வாடகை வீடு, முதல் மாடி. பாத்ரூம் 5க்கு 7 அடி, உயரம் 9 அடி. அதுக்குள்ளயே 6 லிட்டர் கேஸ் கீசர் மாட்டியிருக்கு, சிலிண்டர் மட்டும் வெளியே யூட்டிலிட்டியில. இருக்கிற ஒரே வென்டிலேட்டரை மார்கழிக் குளிருக்கு அட்டை வச்சு அடைச்சாச்சு. கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒண்ணு வாங்கி பாத்ரூமுக்குள்ள மாட்டலாம்னு இருக்கேன். ஆன்லைன்ல சில நூறு ரூபாய்ல இருந்து சில ஆயிரம் வரைக்கும் காட்டுது, என்ன வித்தியாசம்னு புரியலீங்க. சமையலறையில கேஸ் லீக் அலாரம் ஏற்கெனவே இருக்கு, அதுவே போதுமா? ஹால்ல இன்வெர்ட்டர் பேட்டரி இருக்கு, அதனால ஏதாவது தொந்தரவு வருமா?

நீலச்சுடர்:
அட்டையை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

6 லிட்டர் கீசர் முழு வேகத்தில் ஓடினால் மணிக்கு ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக எல்பிஜி எரிக்கும். ஒரு கிலோ முழுதாக எரிய 12 கன மீட்டருக்கு மேல் காற்று வேண்டும். உங்கள் பாத்ரூமின் மொத்தக் கொள்ளளவே 315 கன அடி, அதாவது சுமார் 9 கன மீட்டர். எல்லாம் அடைத்திருந்தால் ஐந்து நிமிடத்தில் அந்தக் காற்றில் பத்தில் ஒரு பங்கு பர்னர் வழியாகப் போய்விடும். ஆக்சிஜன் 21 சதவீதத்திலிருந்து ஓரிரண்டு சதவீதம் இறங்கினாலே எரிவது அரைகுறையாகி கார்பன் மோனாக்சைடு (நிறமும் வாசமும் இல்லாத நச்சு வாயு) வரத் தொடங்கும். எரிந்து வந்த காற்றே மறுபடி பர்னருக்குள் போவதால் போகப்போக அளவு வேகமாக ஏறும். சில மாடல்களில் 20 நிமிடத்தில் தானாக அணையும் டைமர் உண்டு. இவ்வளவு சின்ன அறைக்கு அது ரொம்பத் தாமதம்.

இதில் அலாரத்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். ஈஎன் 50291-1 என்ற ஐரோப்பியத் தரப்படி மோனாக்சைடு 50 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்தில் 50 பங்கு) இருந்தால் 60 முதல் 90 நிமிடத்துக்குள்ளும், 100 பிபிஎம் என்றால் 10 முதல் 40 நிமிடத்துக்குள்ளும், 300 பிபிஎம் என்றால் 3 நிமிடத்துக்குள்ளும் அலறவேண்டும். அமெரிக்காவின் யூஎல் 2034 இன்னும் நிதானம்: 70 பிபிஎம்முக்கு 60 முதல் 240 நிமிடம், 150க்கு 10 முதல் 50, 400க்கு 4 முதல் 15. வாயு ரத்தத்தில் சேரும் வேகத்தை வைத்துப் போட்ட கணக்கு இது. ஹாலுக்கும் படுக்கையறைக்கும் சரியாக வரும். கதவைச் சாத்திக்கொண்டு குளிப்பவருக்கு எட்டு அடிக்குள்ளேயே எரியும் கீசருக்கு ஒத்துவராது. தவிர, நீராவி சென்சாரைக் கெடுக்கும், அதனால் பாத்ரூமில் மாட்டக்கூடாது என்று கையேட்டிலேயே போட்டிருப்பார்கள். கதவுக்கு வெளியே மாட்டினால் உள்ளே இருப்பவர் விழுந்த பிறகுதான் அதற்குத் தெரியும். ஆக, கீசர் பாத்ரூமை விட்டு வெளியே போகவேண்டும். அலாரம் அதற்கு மாற்று இல்லை.

சமையலறையில் இருப்பது எல்பிஜி கசிவைக் கண்டுபிடிப்பது, மோனாக்சைடு அதற்குத் தெரியாது. எல்பிஜி காற்றைவிடக் கனம், தரையோடு படரும், அதனால் அந்தக் கருவி தாழ்வாக இருக்கும். மோனாக்சைடு கிட்டத்தட்டக் காற்றின் எடைதான் (மூலக்கூறு எடை அதற்கு 28, காற்றுக்குச் சராசரியாக 29), அறை முழுக்கக் கலந்துவிடும், சூடான புகையோடு வந்தால் முதலில் மேலே போகும். இரண்டையும் ஒரே டப்பாவில் போட்டு விற்பதும் உண்டு. ஆளுக்கொரு உயரம் வேண்டிய இரண்டை ஒரே இடத்தில் மாட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

வாங்கும்போது டப்பாவில் இல்லை, கருவியின் முதுகிலேயே ஈஎன் 50291-1 அல்லது யூஎல் 2034 என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். வெறும் ‘சிஓ டிடெக்டர்’ என்று மட்டும் இருந்தால் விட்டுவிடலாம். மின்வேதியியல் சென்சார் வேண்டும். ஆயுள் 7 அல்லது 10 ஆண்டு, மாற்றவேண்டிய தேதியும் முதுகில் இருக்கும். கிடங்கில் மூன்று வருடம் தூங்கிய சரக்கு தள்ளுபடியில் வந்தால் அந்த மூன்று வருடம் உங்கள் கணக்கில்தான் கழியும்.

ஸ்பேனர் சாமி:
கீசரை மாத்துறது பெரிய வேலை இல்லீங்க. யூட்டிலிட்டி சுவத்துல மாட்டி, அங்கிருந்து பாத்ரூமுக்கு அரை இஞ்ச் சிபிவிசி பைப் (சுடுதண்ணி தாங்குற பிளாஸ்டிக் பைப்) இழுத்தாப் போதும். சாதா பிவிசி வேண்டாம், சூட்டுக்கு வளைஞ்சு ஜாயின்ட் விட்டுடும். 10 மீட்டர் பைப்புக்குள்ள நிக்கிற பச்சைத்தண்ணி ஒண்ணேகால் லிட்டர் சொச்சம்தான், கால் நிமிஷம் திறந்துவிட்டா சுடுதண்ணி வந்துடும். மேல ஃபோம் ஸ்லீவ் சுத்திடுங்க. ஓனர்கிட்ட கேக்கும்போது பழைய பைப் லைன் அப்படியே இருக்கும்னு சொல்லுங்க, சுவத்துல ரெண்டு ஓட்டைதான் கூடுதல்.

ஒரு விஷயம் பலர் கோட்டை விடுறாங்க. யூட்டிலிட்டியைக் கண்ணாடி ஸ்லைடிங் போட்டு மூடியிருந்தா அதுவும் ஒரு ரூம்தான். கொசுவலை, கிரில் பரவாயில்லை, கண்ணாடி கூடாது. கீசருக்கு நேர் மேலயோ பக்கத்துலயோ படுக்கையறை ஜன்னல் இருந்தா புகை நேரா உள்ள வரும், அந்தப் பக்கச் சுவத்தை விட்டுடுங்க.

மாத்துற வரைக்கும் பக்கெட்ல தண்ணி பிடிச்சு, கீசரை அணைச்சு, கதவைத் திறந்து காத்து போனப்புறம் குளிங்க. கதவைத் திறந்து வச்சுத்தான் பிடிக்கணும். எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டா சரியாகிடும்னு நினைக்காதீங்க. கதவுக்குக் கீழ காத்து உள்ள வர வழி இல்லாம ஃபேன் மட்டும் ஓடினா அது சும்மா சுத்தும். புகைக்குழாய் வச்ச கீசரா இருந்தா இன்னும் மோசம், குழாய்ல போற புகையையே ஃபேன் திரும்ப உள்ள இழுக்கும்.

சுடர் மஞ்சளா இருந்தாலோ, பர்னருக்கு மேல இருக்கிற தகட்டுல கரி படிஞ்சிருந்தாலோ சர்வீஸ் பண்ணியே ஆகணும். தூசியும் சிலந்தி வலையும் பர்னர் துவாரத்துல அடைச்சா காத்து கலக்கிறது குறையும். ஆனா சுடர் நீலமா இருக்கு, அதனால பயமில்லைன்னு நம்பிடாதீங்க.

ஆக்சிமீட்டர்:
அலாரம் அடித்தால் என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லையே. எல்லாரும் வெளியே வரவேண்டும், அதுதான் முதல் வேலை. போகிற வழியில் கைக்கெட்டினால் கீசரையோ அடுப்பையோ அணைக்கலாம், கதவைத் திறந்து வைக்கலாம். அதற்காக உள்ளே திரும்பக் கூடாது. வெளியே வந்து தலையை எண்ணிப் பார்த்துவிட்டு, யாருக்காவது தலைவலி, தலைசுற்றல், குமட்டல், தடுமாற்றம் இருந்தால் 108. பாத்ரூமுக்குள் ஒருவர் விழுந்து கிடந்தால் கதவை உடைத்துத் திறந்து, மூச்சை அடக்கி இழுத்து வந்து வெளிக்காற்றில் கிடத்துங்கள். அந்த அறைக்குள் வைத்தே முதலுதவி செய்யப் போனால் இரண்டாவது ஆளும் விழுவார்.

கொரோனா காலத்தில் வாங்கிய விரல் ஆக்சிமீட்டரை இதற்கு நம்பவே நம்பாதீர்கள். மோனாக்சைடு ஒட்டிய ஹீமோகுளோபினை அது ஆக்சிஜன் ஒட்டியதாகவே படிக்கும், 98 என்று காட்டும், ஆள் மயக்கத்தில் இருப்பார். ரத்தப் பரிசோதனையில்தான் தெரியும். மோனாக்சைடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டுவது. சாதாரணக் காற்றில் அதில் பாதி வெளியேறவே நாலைந்து மணி நேரம் பிடிக்கும், மாஸ்க்கில் முழு ஆக்சிஜன் கொடுத்தால் ஏறக்குறைய ஒன்றிலிருந்து ஒன்றரை மணி. அதனால் “இப்ப பரவாயில்லை” என்று வீட்டிலேயே படுக்க வைக்காதீர்கள். கர்ப்பிணி என்றால் அறிகுறி இல்லாவிட்டாலும் மருத்துவமனை. அங்கே போனதும் “கேஸ் கீசர் ஓடியது, அலாரம் அடித்தது” என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் வெறும் மயக்கம், வாந்தி என்றுதான் பார்க்கத் தொடங்குவார்கள்.

கோவைவாசி:
ரொம்ப நன்றிங்க. அட்டையை எடுத்தாச்சு, ஓனரும் சரின்னுட்டார். கீசர் யூட்டிலிட்டிக்குப் போகுது, கிரில் மட்டும்தான், கண்ணாடி இல்லை. அதை ஒட்டி ஒரு படுக்கையறை இருக்கு. இனி அலாரம் எங்க வைக்கிறது? வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடுவோம், சும்மா சும்மா கத்துமா?

நீலச்சுடர்:
யூட்டிலிட்டியை ஒட்டிய அந்தப் படுக்கையறையில் வையுங்கள். எரியும் கருவி இல்லாத அறை என்பதால் தூங்கும்போது மூக்கு இருக்கும் உயரம் போதும். கட்டிலுக்குப் பக்கத்து அலமாரி மேல் நிற்க வைத்தாலும் சரி, திரைச்சீலைக்குப் பின்னால் மட்டும் வேண்டாம். பின்னால் என்றாவது கீசர் இருக்கும் அறையிலேயே வைக்கவேண்டி வந்தால் கருவியிலிருந்து பக்கவாட்டில் 1 முதல் 3 மீட்டர், சுவரில் கதவு ஜன்னலின் மேல்விளிம்பைவிட உயரமாக, கூரையிலிருந்து 15 சென்டிமீட்டராவது கீழே.

இன்வெர்ட்டரிலிருந்து தள்ளியே இருக்கட்டும். லெட் ஆசிட் பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் விடும், இந்தச் சென்சார் அதையும் மோனாக்சைடு என்று எடுத்துக்கொள்ளும். மின்தடை முடிந்து கரண்ட் வந்த பிறகு காரணமில்லாமல் அலறினால் முதல் சந்தேகம் பேட்டரி மேல். அப்போதும் எல்லாரும் வெளியே வந்து, அறையைக் காற்றாட விட்ட பிறகுதான் காரணம் தேடவேண்டும். தின்னர், வார்னிஷ், சானிடைசர் ஆவியும் இப்படி ஏமாற்றும், பெயின்ட் அடிக்கும் நாட்களில் கழற்றி வேறு அறையில் வையுங்கள்.

சாம்பிராணிக்கு அடித்தால் அது பொய் அலாரம் இல்லை. தணல் கரியிலிருந்து வருவது நிஜ மோனாக்சைடு. ஜன்னலைத் திறந்து வைத்துப் போடுங்கள், தணலை அறைக்குள் விட்டுவிட்டுப் படுக்காதீர்கள். ஊட்டிப் பக்கம் குளிருக்குக் கரிச்சட்டியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்துவதிலும் இதே ஆபத்துதான்.

வாரம் ஒருமுறை டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள். அது ஒலிப்பானையும் பேட்டரியையும் மின்சுற்றையும்தான் பார்க்கும், சென்சார் உயிரோடு இருக்கிறதா என்று சொல்லாது. அதற்காக வண்டிப் புகையைக் காட்டிச் சோதிக்க வேண்டாம், சென்சார் திணறிப்போகும். முதுகில் உள்ள தேதிதான் கணக்கு. நிமிடத்துக்கு ஒரு முறை ‘டிக்’ என்றால் பேட்டரி இறங்குகிறது, புதுசு போட்ட பிறகும் நிற்கவில்லை என்றால் பெரும்பாலும் ஆயுள் முடிந்தது. நாலு நாலாக விட்டு விட்டு அலறுவதுதான் வாயு வந்ததன் அடையாளம் (பெரும்பாலான மாடல்களில் அப்படி, உங்களுடையதைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்). இந்த இரண்டு சத்தத்தையும் வீட்டுப் பெரியவர்களுக்கும் ஒருமுறை போட்டுக் காட்டிவிடுங்கள். டிக் சத்தம் எரிச்சலாக இருக்கிறது என்று பேட்டரியைப் பிடுங்கி டிவி ரிமோட்டில் போட்டுவிடுவது நம் வீடுகளில் சகஜம்.