லாராவெல் தேதி ஃபில்டர்: 31ஆம் தேதி பில்களில் பாதியைக் காணோம்

மண்டிக்கணக்கு:
காய்கறி மண்டி ஒன்றுக்கு லாராவெல் (பிஎச்பி ஃப்ரேம்வொர்க்), மைஎஸ்க்யூஎல் (டேட்டாபேஸ்) வைத்து பில்லிங் எழுதியிருக்கிறேன். மார்ச் 1 முதல் 31 வரை தேதி கொடுத்தால் மொத்தம் பேரேட்டைவிடக் குறைவாக வருகிறது. இரண்டு நாள் உட்கார்ந்து அச்சடித்த பில்களோடு ஒப்பிட்டுப் பார்த்தேன்: 31ஆம் தேதி அதிகாலை 3 மணி, 4 மணி பில்கள் வருகின்றன, விடிந்தபின் போட்டது ஒன்றுகூட இல்லை, 1ஆம் தேதி அதிகாலை பில்களையும் காணோம். பில் பதிவான நேரம் இருக்கும் கிரியேட்டட்_அட் ஃபீல்டில், இரண்டு தேதிக்கு இடைப்பட்டதை எடுக்கும் வேர்பிட்வீன் போட்டிருக்கிறேன். எரர் எதுவும் இல்லை. யாராவது சொல்லுங்கள்.

இரவுஷிப்ட்:
சரியாக 5.30க்குத்தானே வெட்டுகிறது? இரண்டு தவறு சேர்ந்திருக்கிறது. நீங்கள் மாற்றாதவரை லாராவெலின் டைம்சோன் யூடிசி (உலகப் பொது நேரம்), நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். அதனால் 1ஆம் தேதி காலை 3 மணி பில், பிப்ரவரி கடைசி நாள் இரவு 9.30 என்று பதிவாகியிருக்கும். அப்புறம், வெறும் 31 என்று கொடுத்தால் மைஎஸ்க்யூஎல் அதை 31 தொடங்கும் நள்ளிரவு 00:00:00 என்றுதான் எடுக்கும், யூடிசியில் அது நமக்குக் காலை 5.30, அதற்குப் பிந்தைய பில் எதுவும் வராது. லாராவெலில் தேதிகளைக் கையாளும் கார்பனில் இரண்டு தேதியையும் ஆசியா/கொல்கத்தா என்று படித்து யூடிசிக்கு மாற்றுங்கள். மார்ச் 1 தொடக்கத்துக்குச் சமம் அல்லது பெரியது, ஏப்ரல் 1 தொடக்கத்தைவிடச் சிறியது என்று இரண்டு வேர் (நிபந்தனை) போதும்.

மண்டிக்கணக்கு:
கான்ஃபிக்கில் டைம்சோனையே மாற்றிவிட்டால் ஆகாதா அண்ணா?

இரவுஷிப்ட்:
வேண்டாம் தம்பி. பழைய பில்கள் யூடிசியில், புதியவை நம் நேரத்தில் என்று ஒரே டேபிளில் கலந்துவிடும், பிறகு பிரிப்பது பெரும்பாடு. தேதியை மட்டும் பிரித்து ஒப்பிடும் வேர்டேட்டும் போடாதீர்கள், ஃபீல்டின்மேல் ஃபங்ஷன் ஏறினால் அதிலுள்ள சாதாரண இண்டெக்ஸ் (வேகமாகத் தேட உதவும் அட்டவணை) பயன்படாது, பில் பெருகப் பெருகப் பக்கம் இழுக்கும்.

தேடுபெட்டி:
வியாபாரி பெயர் அல்லது ஃபோன் நம்பரால் தேடும் பெட்டியும் அதே பக்கத்தில் இருந்தால், ‘அல்லது’ நிபந்தனையான ஆர்வேரைத் தனியாக விடாமல், பெயர், ஃபோன் இரண்டு நிபந்தனையையும் ஒரு குளோஷருக்குள் (அடைப்புக்குறிபோல் சேர்த்துக் கட்டும் ஃபங்ஷன்) போடுங்கள். எஸ்க்யூஎல்லில் ஆண்ட் முதலில் சேரும், ஆர் பிறகுதான். அடைப்பு இல்லையென்றால் ஃபோன் நம்பர் பொருந்தும் எல்லா மாத பில்லும் உள்ளே வந்துவிடும்.

மண்டிக்கணக்கு:
அதுவும் இருந்தது, அடைத்துவிட்டேன். மார்ச் மொத்தம் பேரேட்டோடு பைசா சுத்தமாக ஒத்துப்போகிறது. இருவருக்கும் மிக்க நன்றி.