மனத்துக்குள் ஒன்றோடொன்று மோதும் குரல்கள்: இந்தச் சிகிச்சையைத் தொடரலாமா?

குடியாத்தம் வாசகி:
அனைவருக்கும் வணக்கம். ராணிப்பேட்டையில் ஒரு தோல் ஏற்றுமதி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பணிபுரிகிறேன். மாதக் கணக்கை முடிக்கும் நாட்களில், ஒரு பைசா தவறினாலும் எவரும் மதிக்கமாட்டார்கள் என்று மனத்துக்குள் ஒரு குரல் விரட்டிக்கொண்டே இருக்கிறது. இரவில் வீட்டார் உறங்கியபின், இன்னொரு குரல் இரண்டு மணி வரை கைப்பேசியில் புடவைகளைப் பார்க்கவைத்து, தேவையற்றதை வாங்கவும் வைத்துவிடுகிறது. விடிந்ததும் முதல் குரல் திட்டத் தொடங்குகிறது. இரண்டையும் அடக்காமல், அவை எதற்கு அஞ்சுகின்றன என்று கேட்கச் சொல்கிறார் என் ஆலோசகர். இன்டர்னல் ஃபேமிலி சிஸ்டம்ஸ் என்பது முறையின் பெயராம். எனக்குப் பிளவுபட்ட ஆளுமை என்று மறைமுகமாகச் சொல்கிறாரா? அம்மாவோ, குலதெய்வத்துக்குப் பொங்கல் வைத்தால் சரியாகிவிடும் என்கிறார்.

காட்பாடி, உளவியல் முதுகலை:
சகோதரி, அந்த அச்சம் வேண்டாம். பிளவுபட்ட ஆளுமை என்று நீங்கள் சொல்லும் பல ஆளுமைக் கோளாறில் நினைவு அறுபடும். தான் செய்ததே தெரியாமல் போகும். நீங்கள் இரு குரல்களையும் தெளிவாக நினைவில் வைத்துச் சொல்கிறீர்கள். 1980களில் அமெரிக்கக் குடும்பச் சிகிச்சையாளர் ரிச்சர்ட் ஷ்வார்ட்ஸ், உணவுக் கோளாறு உடையவர்கள் தங்களுக்குள் உள்ள 'பகுதி'களைப் பற்றிப் பேசியதைக் கேட்டு, குடும்பத்தினரின் பூசலைத் தீர்க்கும் வழிகளை அப்பகுதிகளிடமும் பயன்படுத்திப் பார்த்ததில் உருவான முறை இது. அவமானம் நேராமல் முன்கூட்டியே காக்கும் பகுதி மேலாளர். வலி பொங்கியபின் எதையாவது செய்து அணைக்கும் பகுதி தீயணைப்பாளர். இவ்விரண்டும் மறைத்துவைத்திருக்கும் பழைய காயம் ஒதுக்கப்பட்ட பகுதி. உங்கள் புடவைக் குரல் இரண்டாம் வகை என்றே எனக்குப் படுகிறது. இவற்றுக்கு அப்பால், பதறாமல் கேட்கக்கூடிய 'சுயம்' எல்லோரிடமும் உண்டு என்பதே இம்முறையின் அடிப்படை நம்பிக்கை.

சத்துவாச்சாரி:
நம்பிக்கை என்ற சொல்லே போதுமானது. அதை நிறுவப்பட்ட உண்மையாகக் கொள்ளக் கூடாது. 2013இல் வெளியான, முடக்குவாத நோயாளிகளிடையே நடந்த ஆய்வில் வலியும் மனச்சோர்வும் குறைந்ததாகக் கண்டார்கள் என்றாலும், எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பயிற்றும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைக்குள்ள சான்றுகளோடு ஒப்பிட்டால் இதற்கு இருப்பது மிகக் குறைவு. மனச்சிதைவு உள்ளவர்களிடம் இதைக் கையாள்வதில் மிகுந்த எச்சரிக்கை தேவை. தூக்கம் கெட்டிருப்பதால், மனநல மருத்துவரையும் ஒருமுறை பாருங்கள். வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி. எனும் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் அருகில்தான் இருக்கிறது. நோயாளியுடன் குடும்பத்தாரும் தங்கிச் சிகிச்சையில் பங்கேற்கும் முறைக்குப் பெயர்பெற்ற இடம் என்பதால், அம்மாவையும் அழைத்துச் செல்லலாம். பொங்கலும் வைக்கட்டும், அதனால் கெடுதல் ஒன்றுமில்லை.

ஆற்காடு:
உறவினர் கடன் கேட்டால் மறுக்கவே முடியாத ஒரு பகுதி எனக்கு இருந்தது. அந்தப் பகுதி உங்களை எத்தனை வயதுக்காரராக நினைக்கிறது என்று ஆலோசகர் கேட்டார். பத்து என்று உடனே வாயில் வந்தது. பள்ளிக் கட்டணத்துக்காக அப்பா சித்தப்பா வீட்டுத் திண்ணையில் காத்திருந்த வயது அது. எனக்கு இப்போது நாற்பத்தாறு என்று அதனிடம் சொன்னபோது தொண்டை அடைத்தது. இப்போதும் கடன் கொடுக்கிறேன், ஆனால் யோசித்துக் கொடுக்கிறேன்.

குடியாத்தம் வாசகி:
அனைவருக்கும் நன்றி. அப்படியானால் முதலில் எந்தக் குரலிடம் பேசுவது?

காட்பாடி, உளவியல் முதுகலை:
திட்டும் குரலிடம். காவல் காக்கும் பகுதிகளின் இசைவு இல்லாமல் பழைய காயத்தைத் தொடக் கூடாது என்பது இம்முறையின் விதி. அதையும் வீட்டில் தனியாகச் செய்யாமல் ஆலோசகர் முன்னிலையில் செய்யுங்கள். புடவைச் செலவுக் கணக்கையும் அவரிடம் மறைக்காமல் காட்டிவிடுங்கள்.