அல்சூர் தமிழ்க் குழு: சனிக்கிழமை படம்

ரவி: இந்த சனிக்கிழமை கிளப் ஹவுஸ்ல டைரக்டர் பாலு மகேந்திரா படம். 'மூடுபனி'யா, 'வீடு'வா?

கலா அக்கா: மூடுபனி! 1980 பெங்களூரைப் பாக்கலாம். இளையராஜாவுக்கு நூறாவது படம் வேற.

சுந்தர் அண்ணா: பசங்க வருவாங்க கலா. அதுல வரிசையா கொலை. வீடு போடுங்க.

ரவி: வீட்ல ஒரு பாட்டு கூட இல்லையேண்ணா, உக்காருவாங்களா?

கலா அக்கா: பாட்டு வேணும்னா தாலாட்டு பாடித் தூங்க வை 😄 பின்னணிக்கு இளையராஜாவோட 'ஹவ் டு நேம் இட்' ஆல்பம் இசையே போதும். பாதி கட்டின வீட்டைத் தாத்தாவா நடிச்ச சொக்கலிங்க பாகவதர் பாக்க வர்ற இடத்தை மட்டும் கவனி. பேச்சே கிடையாது, சுவரைத் தொட்டுத் தொட்டுப் பாக்கறாரு, அவ்வளவுதான். அர்ச்சனாவுக்குத் தேசிய விருது வாங்கிக் குடுத்த படம்.

சுந்தர் அண்ணா: சிமெண்ட் திருட்டைப் புடிக்கறது சித்தாள் மங்கம்மா. ஒயிட்ஃபீல்டுல பிளாட் புக் பண்ணவங்க மனசைத் திடப்படுத்திட்டு வாங்க.

ரவி: 😂 சரி, வீடுதான். புரொஜெக்டரை விவிட்ல, அதான் கலரைத் தூக்கிக் காட்டற மோட்ல வெக்கறேன், பளிச்சுனு இருக்கும்.

சுந்தர் அண்ணா: ஐயோ வேண்டாம்! அந்த மனுஷன் ஜன்னல் வெளிச்சத்தை நம்பி எடுத்தவர். முகத்துல பாதி நிழல்ல இருக்கும், அதுதான் அழகு. விவிட் போட்டா வெளிச்சப் பக்கம் வெளிறிடும், நிழல்ல இருக்கற விவரம் போயிடும். சினிமா மோட் வை. மோஷன் ஸ்மூத்திங் ஆஃப். 24 பிரேம் படத்துக்கு நடுவுல அதுவே பிரேம் செருகும், சீரியல் மாதிரி ஆயிடும்.

அதைவிட முக்கியம் அறை. புரொஜெக்டரால கறுப்பை வீச முடியாது. திரை எவ்வளவு இருட்டோ அவ்வளவுதான் கறுப்பு. காரிடார் டியூப்லைட்டை அணைச்சுடு, திரைக்கு ரெண்டு பக்கமும் வெள்ளைச் சுவர்ல கறுப்புத் துணி தொங்கவிடு. ஏழேகாலுக்கு முன்னாடி ஆரம்பிக்காதே.

ரவி: எவ்வளவு தூரத்துல வெக்கணும்?

சுந்தர் அண்ணா: நம்மளுது த்ரோ 1.2, அதாவது திரை அகலத்தைப் போல 1.2 மடங்கு தூரம். மூலைக்கு மூலை 100 இஞ்ச் திரைன்னா அகலம் ஏழேகால் அடி, அதை 1.2ஆல பெருக்கினா 8.7 அடி. படம் கோணலா விழுந்தா கோணலை நிமிர்த்தற கீஸ்டோனைத் திருகாதே, கூர்மை குறையும். ஸ்டூலை ஏத்தி இறக்கு.

கலா அக்கா: ஸ்பீக்கர் ப்ளூடூத்ல வேணாம். வாய் ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம் போகும். ஆக்ஸ் வயர் கொண்டு வா. சரவுண்டையும் அணைச்சுடு, இல்லேன்னா பழைய ஒலித்தடம் எதிரொலிக்கும்.

சுந்தர் அண்ணா: பிரதியை முன்னாடியே பாத்துடு ரவி. சில பிரதியை அகலத்துக்கு இழுத்து வெச்சிருப்பாங்க. ஏதாவது சக்கரம் வர்ற ஷாட்ல நிறுத்திப் பாரு, முட்டையா இருந்தா ஆஸ்பெக்டை, அதான் அகல உயர விகிதத்தை மாத்து. இன்னும் சிலதுல மேலயும் கீழயும் வெட்டி, தலை போயிருக்கும். அதுக்கு செட்டிங் கிடையாது, வேற பிரதிதான்.

ரவி: ஓகேண்ணா. கறுப்புத் துணி யார்கிட்ட இருக்கு?

கலா அக்கா: நவராத்திரி கொலுவுக்குப் பின்னாடி கட்டினது என்கிட்ட இருக்கு, எட்டு முழம். அடுத்த மாசம் கோகிலா போடலாமா? பாலு மகேந்திரா முதல்ல இயக்கினது, 1977, கன்னடம். கமல், ஷோபா. மாடி வீட்டு கன்னடக்காரங்களும் வருவாங்க.

சுந்தர் அண்ணா: உருப்படியான பிரதி யார்கிட்ட இருந்தாலும் இங்க போடுங்க. அதுக்கப்புறம் தேதி பேசலாம்.