மறு: சக்கர அளவுக் கட்டுரைக்குக் கலைச்சொல்: வில்லற்ற எடையா, வில்கீழ் எடையா?

அனைவருக்கும் வணக்கம். காரின் சஸ்பென்ஷன் வில் தாங்காத சக்கரம், பிரேக் போன்றவற்றின் எடையை ஆங்கிலத்தில் அன்ஸ்ப்ரங் வெயிட் (unsprung weight) என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல் என்பதுதான் கேள்வி.

> "வில்லற்ற எடை" என்று போட்டுவிட்டு மேலே போகலாமே? ஆங்கிலத்திலும் அதே பொருள்தானே.

போட்டுவிடலாம் ஐயா. ஆனால் நம் கட்டுரையைப் படிக்கப்போகிறவர் காருக்கு 17 அங்குலமா 18 அங்குலமா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருப்பவர். "வில்லற்ற" என்ற சொல் அவரைத் தப்பான பக்கம் கூட்டிப்போய்விடும். டயரே ஒரு வில்தான். உள்ளே அடைத்த காற்றும் பக்கச்சுவரும் சேர்ந்து அமுங்கி எழும்புகின்றன. கீழே டயர் என்ற வில், மேலே சஸ்பென்ஷன் வில், இரண்டுக்கும் நடுவில்தான் சக்கரமும், அதைப் பொருத்தும் மையப்பகுதியான ஹப்பும், பிரேக்கும் குதிக்கின்றன. அந்த எடைக்கு வில்லே இல்லை என்று எப்படிச் சொல்வது? சஸ்பென்ஷன் வில் அதைத் தாங்கவில்லை, அவ்வளவுதான்.

அதனால் என் முன்மொழிவு: வில்கீழ் எடை. இதற்கு இணை, வில்மேல் எடை.

இந்தப் பிரிவினை நமக்குப் புதிதே இல்லை. வில்வண்டி பார்த்தவர்களுக்குத் தெரியும்: இருசும் சக்கரமும் வில்லுக்குக் கீழே, கூண்டும் ஆட்களும் வில்லுக்கு மேலே. கட்டை வண்டியில் கல் தட்டினால் முதுகு வரை ஏறும், வில்வண்டியில் ஏறாது. ஜப்பானியரும் இதே வழியில்தான் போயிருக்கிறார்கள். அவர்கள் மொழியில் இது "பனே-ஷிதா" எடை. பனே என்றால் வில், ஷிதா என்றால் கீழே. நம் கட்டுரையின் எடுத்துக்காட்டு டொயோட்டா ஜிஆர்86 என்பதால் இது கூடுதல் பொருத்தம்.

சொல் வேலை செய்கிறதா என்று அந்தக் காரை வைத்தே பார்ப்போம். அமெரிக்காவில் 2022 மாடலின் அடிப்படை வகை 215/45 ஆர்17 டயருடன் வந்தது, உயர் வகை 215/40 ஆர்18 டயருடன். முதல் எண் மில்லிமீட்டரில் அகலம், அடுத்தது அந்த அகலத்தில் பக்கச்சுவர் உயரம் எத்தனை சதவீதம் என்பது, கடைசி எண் ரிம்மின் விட்டம் அங்குலத்தில். கணக்குப் போட்டால் 17 அங்குலத்தில் பக்கச்சுவர் ஏறக்குறைய 97 மி.மீ., 18 அங்குலத்தில் 86 மி.மீ. முழு விட்டம் 625, 629. நான்கு மில்லிமீட்டர்தான் வித்தியாசம், ஸ்பீடோமீட்டருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. வெளியே சக்கரம் அதே உயரம்தான். உள்ளே ரப்பரும் காற்றும் இருந்த இடத்தை அலுமினியம் பிடித்துக்கொள்கிறது.

இங்கேதான் "வில்கீழ்" என்ற சொல் கைகொடுக்கிறது. பெரிய ரிம் பொதுவாகக் கனம் கூடியது. அந்தக் கனம் முழுக்க வில்லுக்குக் கீழே சேர்கிறது. சாலையில் ஒரு மேடு வந்தால் சக்கரம் மேலே எகிறும், அதைத் திரும்பத் தரைக்குத் தள்ள வேண்டியது வில். கனமான சக்கரம் மெதுவாகத் திரும்பும், அதுவரை டயருக்குத் தரைப்பிடி குறையும். ஏறக்குறைய 1300 கிலோ உள்ள லேசான காரில் இது இன்னும் உறைக்கும், ஏனென்றால் வில்மேல் எடை குறைவு. அதோடு கீழே இருக்கிற காற்று வில்லும் குட்டையாகி விறைத்துப்போகிறது. "வில்லற்ற எடை" என்று எழுதினால் இந்தக் கடைசி வரியை எழுதவே முடியாது.

சுழற்சியின் கணக்கு வேறு. ரிம்மின் வளையம் அரை அங்குலம் வெளியே தள்ளிப்போகிறது, 8.5 ஆரம் 9 ஆகிறது. ஆரத்தின் வர்க்கம் கணக்கில் வருவதால், அதே எடை வளையத்துக்குக்கூட நிலைமத் திருப்புத்திறன், அதாவது சுழற்சி வேகத்தை மாற்ற விடாமல் எதிர்க்கும் குணம், 12 சதவீதம் ஏறும். எடை ஏறாமலே ஏறும் என்பதால் இதை வில்கீழ் எடையோடு ஒரே பத்தியில் குழப்ப வேண்டாம் என்பது என் வேண்டுகோள்.

> அப்படியென்றால் ஃபார்முலா 1 ஏன் 2022இல் 13 அங்குலத்திலிருந்து 18க்கு மாறியது?

வேகத்துக்காக அல்ல. சாலைக் கார்களுக்குப் பக்கமாக வர வேண்டும் என்ற எண்ணம் பெரிய காரணம். புதிய சக்கரமும் டயரும் பழையவற்றைவிடக் கனம் கூடியவை. 13 அங்குல டயரின் உயரமான பக்கச்சுவர் சஸ்பென்ஷன் வேலையில் பெரும்பங்கைச் செய்துகொண்டிருந்தது, அது போனதும் குழுக்கள் சஸ்பென்ஷனை மறுபடி யோசிக்க வேண்டியதாயிற்று. இதைக் கட்டுரையில் கட்டாயம் சேருங்கள்.

> "வில்லடி எடை" இன்னும் சுருக்கமாக இருக்கிறதே?

எனக்கும் அந்த ஓசை பிடித்திருக்கிறது. ஆனால் குமரி மாவட்டத் தோழர் சொன்னது சரியான தடை: அங்கே வில்லடி என்றால் வில்லுப்பாட்டு. இலக்கணப்படி "விற்கீழ்" என்று புணர்த்தலாம் என்றவருக்கும் ஒரு சொல்: கொஞ்சம் அசந்தால் அது விற்கிற கடைப்பக்கம் போய்விடும். பிரித்தறியும்படி வில்கீழ் என்றே விடுவோம்.

> வில் கிடைமட்டமாகப் படுத்திருக்கும் கார்களில் எது மேல், எது கீழ்?

நல்ல கேள்வி. மேல், கீழ் என்பதை இடமாகப் பார்க்காமல், யார் யாரைத் தாங்குகிறார்கள் என்று பார்க்க வேண்டும். ஜாகுவார் ஈ-டைப்பில் பின்பக்க டிஸ்க் பிரேக் சக்கரத்துக்குள் இல்லை, நடுவில், இரு பின்சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலை ஒட்டி, பாடியோடு சேர்ந்து இருக்கிறது. உயரத்தில் சக்கர மையத்துக்குப் பக்கத்தில்தான், ஆனாலும் அது வில்மேல் எடை. சஸ்பென்ஷன் ஆர்ம், வில் போன்றவை ஒரு முனை பாடியிலும் மறுமுனை சக்கரத்திலும் இருப்பதால் பாதியை இங்கும் பாதியை அங்கும் எழுதுவது வழக்கம்.

எடையா நிறையா என்பதற்கு: தமிழ்நாட்டுப் பாடநூலில் நிறை என்பதும் இலங்கைப் பாடநூலில் நிறை என்பதும் ஒன்றல்ல. அங்கே திணிவு என்பதைத்தான் இங்கே நிறை என்கிறோம், இங்கே எடை என்பது அங்கே நிறை. எடை என்று வைத்தால் இரண்டு கரையிலும் புரியும். ரிம்மின் நடுக்கோட்டுக்கும் அது ஹப்பில் பொருந்தும் முகத்துக்கும் உள்ள தூரமான ஆஃப்செட்டை ஆஃப்செட் என்றே விடலாம். ரிம் வாங்குபவர் அதன் மேல் ஆஃப்செட்டைக் குறிக்கப் பொறித்த ஈடி 48 போன்ற எண்ணைத்தான் தேடப்போகிறார்.

சரி, கட்டுரைக்கு நான் தரும் வரி இது: "சக்கர அளவைக் கூட்டும் முன் புது ரிம்மையும் டயரையும் தராசில் வையுங்கள், பிரேக் காலிப்பர் (டிஸ்க்கைப் பிடிக்கும் கவ்வி) உள்ளே அடங்கும் மிகச்சிறிய, மிக லேசான சக்கரமே வில்கீழ் எடையைக் குறைக்கும்." ஃபோர்ஜ்டு, அதாவது வார்க்காமல் அழுத்தி வடித்த, ரிம்மாக இருந்தால் 18 அங்குலமே சாதாரண 17ஐவிட லேசாக அமையக்கூடும் என்பதையும் அடுத்த வரியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். மாற்றுக் கருத்து இருப்பவர்கள் இந்த வாரத்துக்குள் எழுதினால் சொற்பட்டியலில் ஏற்றிவிடலாம்.