செங்காந்தளின் சிவப்பு படத்தில் அப்பிப்போகிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம். வேலூரிலிருந்து எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அமிர்தி பக்கம் போய்க் காட்டுப்பூக்களைப் படமெடுப்பது வழக்கம். ஆவாரை, தும்பை எல்லாம் நன்றாக வருகின்றன. செங்காந்தள் மட்டும் பிடிபடவில்லை.

அதன் ஆறு இதழ்களும் அடியில் மஞ்சளாகவும் மேலே சிவப்பாகவும் இருக்கும். நாளாக ஆக முழுச் சிவப்பாகிவிடும். மஞ்சள் சிவப்பாக மாறுகிற அந்த இடம்தான் எனக்கு வேண்டும். நேரில் தீக்கொழுந்து மாதிரி இருக்கிறது. திரையில் பார்த்தால் சிவப்பு ஒரே அப்பலாக அப்பி, இதழோரத்து நெளிவுகூடத் தெரிவதில்லை.

ரா கோப்பாகத்தான் (கேமரா திருத்தாத மூலப் பதிவாக) எடுக்கிறேன். ஒளியளவைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தில் சிவப்பு மட்டும் அளவு மீறி வலது ஓரத்தில் முட்டி நிற்கிறது. எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப், அதாவது ஒளியைப் பாதியாக, குறைத்தேன். சிவப்பு அடங்கியது, ஆனால் பின்னாலிருக்கும் இலைகள் கருத்துவிட்டன. டார்க்டேபிள் என்கிற படத்திருத்த மென்பொருளில் சாச்சுரேஷனை (நிறச்செறிவை) குறைத்தால் பூவே வெளிறிவிடுகிறது.

சிவப்பை மட்டும் மாஸ்க் போட்டு, அதாவது அந்தப் பகுதியை மட்டும் தனியாகப் பிரித்து, அடக்கலாமா? இல்லை, மேகமூட்டமான நேரம் பார்த்துத்தான் எடுக்க வேண்டுமா? அப்புறம் ஒன்று, பூவில் இல்லாத நிறத்தை ஏற்ற எனக்கு மனமில்லை. காந்தளை எடுத்துப் பழகியவர்கள் சொன்னால், இந்த மழைக்காலம் முடிவதற்குள் மறுபடி போய் எடுத்துவிடுவேன்.