ஜெர்மனிக்கு எல்பி தட்டு அனுப்பலாமா?

மதுரைக்காரன்:
அப்பா சேர்த்து வைத்த எண்பதுகளின் தமிழ்ப் பட எல்பி இசைத்தட்டுகளில் ஆறை ஜெர்மனியில் ஒருவர் 140 யூரோவுக்குக் கேட்டு, பேபால் இணையப் பணச் சேவையில் பணமும் போட்டுவிட்டார். இப்போது சுங்கப் படிவத்தில் ‘அன்பளிப்பு, 20 யூரோ’ என்று எழுதி நண்பரின் முகவரிக்கு அனுப்பச் சொல்கிறார். கூடவே தாத்தாவின் 1912 ஜார்ஜ் மன்னர் வெள்ளி ரூபாய் இரண்டும் வேண்டுமாம். எனக்கு ஒரே கவலை, தட்டு உடையாமல் போய்ச் சேருமா?

கிராமபோன்:
தம்பி, வினைல் (தட்டு செய்த பிளாஸ்டிக்) அவ்வளவு லேசில் உடையாது, கிழிவது அட்டையுறைதான். தட்டு உள்ளேயே இருந்தால் பெட்டி விழும்போதெல்லாம் அதன் விளிம்பு உறையின் மடிப்பைக் குத்திப் பிளந்துவிடும். அதனால் தட்டை உள்ளுறையோடு வெளியே எடுத்து அட்டையுறைக்குப் பின்னால் வை, இரண்டு பக்கமும் கெட்டி அட்டை கொடு. கட்டுவதற்கு முன் ஒவ்வொரு தட்டையும் வெளிச்சத்தில் சாய்த்துப் படம் எடுத்துக்கொள், நாளைக்கே ‘கீறல் இருக்கிறது’ என்று வருவார்கள்.

பழையகடை:
பெட்டியை விடுங்கள், ஆளைப் பாருங்கள். 20 யூரோ என்று எழுதினால், காணாமல் போகும்போது நஷ்டஈடும் அந்த 20ஐத் தாண்டாது. 45 யூரோ வரை உண்மையான அன்பளிப்புக்கு வரி இல்லை, அதனால்தான் கேட்கிறார். விற்ற பொருளுக்கு அந்தச் சலுகை கிடையாது, 2021 ஜூலைக்குப் பிறகு 22 யூரோ வரையிலான பொருளுக்கு இருந்த பழைய வரிவிலக்கும் போய்விட்டது, 19 சதவீத வாட் (மதிப்புக்கூட்டு வரி) அவர் கட்டித்தான் ஆகவேண்டும். அதை இப்போதே எழுத்தில் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் பெட்டியை வாங்காமல் திருப்பிவிடுவார். முகவரிதான் பெரிய வம்பு. பேபால் பரிவர்த்தனையில் உள்ள முகவரிக்கு அனுப்பினால்தான் விற்பவருக்குப் பாதுகாப்பு. வேறு இடம் வேண்டுமென்றால் பணத்தைத் திருப்பிக் கொடுத்து, அந்த முகவரியோடு மறுபடி போடச் சொல்லுங்கள். வாங்கியவர் 180 நாள் வரை பேபாலில் புகார் கொடுக்கலாம் என்பதால் ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள். நான் இப்படித்தான் ஒரு கட்டு பழைய போஸ்ட்கார்டுகளைப் பறிகொடுத்தேன், பணமும் போயிற்று.

செப்புக்காசு:
அந்த ரூபாயை யாரும் கவனிக்கவில்லையா? நூறு ஆண்டு தாண்டிய நாணயம் இந்தியாவின் 1972 தொல்பொருள் சட்டப்படி தொல்பொருள், தனி ஆள் அதை வெளிநாட்டுக்கு அனுப்பவே முடியாது. எல்பி பெட்டிக்குள் செருகினால் தட்டும் சேர்ந்து மாட்டும்.

மதுரைக்காரன்:
ஐயோ, ரூபாய் வீட்டிலேயே இருக்கட்டும். முகவரி, வரி இரண்டையும் பற்றி அவருக்கு நேற்றே எழுதிவிட்டேன். படித்துவிட்டார், பதில் இல்லை.