செட்டிநாட்டுத் தெருக்களைக் காப்பாற்ற எது முதலில்: தடையா, குத்தகையா?

பட்டாலை:
காரைக்குடியில் பழம்பொருள் கடைகள் இருக்கும் முனீஸ்வரன் கோவில் தெருவில் பர்மா தேக்கு நிலைக்கதவு ஒன்று விலைக்கு நிற்கிறதென்றால், எங்கோ ஒரு வளவு (நடு முற்றத்தைச் சுற்றிக் கட்டிய வீடு) இடிந்துவிட்டது என்று பொருள். கானாடுகாத்தான், பள்ளத்தூர், தேவகோட்டை எல்லா ஊரிலும் தெருவுக்குச் சில வீடுகள் இப்படிப் போய்க்கொண்டிருக்கின்றன. உலக மரபு அங்கீகாரத்துக்கான யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் 2014-லேயே ஏறிவிட்டன. ஆனால் தனியார் வீட்டை இடிப்பதை அந்தப் பட்டியல் தடுக்காது. 2012-ல் நிறைவேறிய தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டமோ பல வருடம் நடைமுறைக்கு வராமலே கிடந்தது. என் கருத்து இதுதான்: தெருத் தெருவாக வீடுகளைப் பட்டியலிட வேண்டும். அனுமதி இல்லாமல் ஒரு தூணைக்கூடக் கழற்றக் கூடாது என்று தடை வர வேண்டும். மற்றதெல்லாம் அப்புறம்.

பங்குக்காரன்:
தடை போட்டால் இடிக்க மாட்டார்கள், சரி. வீடு தானாக விழும்.

பூட்டிக் கிடக்கும் வீடுகள் பெரும்பாலும் பாகம் பிரியாதவை. பங்காளிகள் சென்னையில், சிங்கப்பூரில், கோலாலம்பூரில். ஓடு மாற்ற ஒருவர் செலவு செய்தால் பலன் எல்லாருக்கும், அதனால் யாரும் செய்வதில்லை. முதலில் வேண்டியது நீண்டகாலக் குத்தகை. எல்லாப் பங்குக்கும் வாரிசுச் சான்று வாங்கி, உள்ளூரில் இருக்கும் ஒருவருக்குப் பொது அதிகாரப் பத்திரம் எழுத வேண்டும். வெளிநாட்டுப் பங்காளி அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்டு அனுப்பலாம். அது இந்தியாவுக்கு வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். இந்தக் கெடுவைத் தவறவிட்டுத்தான் பல ஏற்பாடு பாதியில் நிற்கிறது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்யாவிட்டால் செல்லாது. முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் வீடு குடும்பத்துக்கே என்று ஒரு ஷரத்து போடுங்கள். அது இல்லாமல் பெரியவர்கள் கையெழுத்துப் போட மாட்டார்கள்.

கரணை:
குத்தகைக்கு எடுப்பவர் யார்? பெரும்பாலும் விடுதி நடத்துபவர். அவர் முதலில் கேட்பது அறைக்கு ஒரு குளியலறை. வளவின் முற்றத்தைச் சுற்றியுள்ள அறைகளுக்குள் அதை நுழைத்தால் சுவரைக் கொத்திக் குழாய் பதிப்பார்கள். மாடியில் மெட்ராஸ் தளமாக (தேக்கு உத்தரத்தின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்த தளம்) இருந்தால் கசிவு தேக்கு உத்தரத்தின் முனைக்குப் போகும். முனை சுவருக்குள் புதைந்திருப்பதால் இற்றுப்போவது வெளியே தெரியாது. ஒருநாள் செங்கல் கொட்டும்போதுதான் தெரியும். குளியலறை வேண்டுமென்றால் மூன்றாம் கட்டிலோ (வீட்டின் பின்பகுதி) பின்கொல்லையிலோ கட்டுங்கள், குழாயைச் சுவருக்கு வெளியே விடுங்கள். இதையும் குத்தகைப் பத்திரத்திலேயே எழுத வேண்டும், கூடவே ஒவ்வொரு கதவு, தூண், வண்ணக் கண்ணாடியின் படமும்.

இன்னொன்று சிமென்ட். மண்ணின் ஈரம் பழைய செங்கல் வழியாக மேலேறி, சுண்ணாம்புப் பூச்சின் வழியே காய்ந்து வெளியேறும். மேலே சிமென்ட் பூசினால் அந்த வழி அடைபடும். ஈரம் இன்னும் உயரே ஏறும், உப்பு பூச்சுக்குப் பின்னால் படியும். சில மழைக்காலம் போனால் பூச்சு பாளமாகக் கழன்று, செங்கல்லின் முகத்தையும் பிய்த்துக்கொண்டு வரும். எமல்ஷன் பெயிண்டும் ஏறக்குறைய அதே வேலையைத்தான் செய்யும்.

பட்டாலை:
பூச்சுக்குச் சரியான முறை என்ன என்று எழுதுங்கள். ஊரில் கொத்தனார் "சுண்ணாம்பு நிக்காது சார்" என்றே சொல்கிறார்.

கரணை:
அவசரப்பட்டால் நிற்காதுதான். சுவரை விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். பொள்ளல் சத்தம் வரும் இடத்தை மட்டும் எடுங்கள், கெட்டியாக இருப்பதைத் தொடாதீர்கள். செங்கல் இடுக்குகளை 15 மி.மீ. ஆழத்துக்குச் சுரண்டி, முந்தின நாள் மாலையே சுவரை நனைத்துவிட வேண்டும். சுண்ணாம்பு நீற்றிக் குறைந்தது மூன்று வாரம் தண்ணீருக்குள் கிடந்திருக்க வேண்டும். நீறாத கட்டி ஒன்று உள்ளே போனாலும் பின்னால் பூச்சில் கொப்புளமாக வெடிக்கும். முதல் பூச்சு ஒன்றுக்கு மூன்று ஆற்று மணல், 12 மி.மீ.க்கு மேல் வேண்டாம். அதைக் கீறிவிட்டு, இறுகிய பிறகே அடுத்தது. கடுக்காயும் வெல்லமும் ஊறிப் புளித்த தண்ணீரில் குழைப்பது வழக்கம். ஒரு வாரம் நனைந்த சாக்கு தொங்க வேண்டும். தை, மாசி நல்ல காலம். சித்திரை வெயிலில் பூசினால் வலைவலையாக விரியும், ஐப்பசியில் பூசினால் இறுகாது. முட்டை வெள்ளைக்கரு கலந்து கல்லால் தேய்த்த பழைய பளபளப்புச் சுவர் கிடைத்தால் வெள்ளையடிக்காதீர்கள், துணியால் துடைத்தால் போதும்.

ஊருணிக்கரை:
எல்லாரும் வீட்டுக்குள்ளேயே நிற்கிறீர்கள். தெருவைப் பாருங்கள். இந்த ஊர்களில் கூரைத் தண்ணீர் முற்றத்தில் இறங்கி, வாய்க்கால் வழியாகத் தெருவுக்குப் போய் ஊருணியில் சேரும்படிதான் மட்டம் வைத்திருக்கிறார்கள். இன்று பழைய தாரைச் சுரண்டாமலே மேலே புது ரோடு போடுகிறார்கள், தடவைக்கு நாலைந்து சென்டிமீட்டர். வீட்டின் அடித்தளம் உயரம் என்பதால் தெருத் தண்ணீர் உள்ளே வராது, ஆனால் முற்றத்து வாய்க்காலின் வெளிவாய் அடைபடும். தண்ணீர் அடித்தளத்திலேயே ஊறும். கரணை சொன்ன ஈரத்தில் பாதி இங்கிருந்து வருவதுதான். சட்டமும் வேண்டாம், குத்தகையும் வேண்டாம். பேரூராட்சி டெண்டரில் "பழைய தார் சுரண்டிய பிறகே" என்று ஒரு வரி சேர்த்து, ஊருணி வரத்துக்காலைத் தூர்வாரினால் தெரு முழுக்கப் பலன்.

பட்டாலை:
தெருவை எடுத்துச் செய்ததற்கு முன்மாதிரி இருக்கிறது. புதுச்சேரி வைசியாள் வீதியில், ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் திட்டத்தில், உரிமையாளரும் ஒரு பங்கு போட்டு வரிசையாக முகப்புகளைச் சீர் செய்தார்கள். 2008-ல் யுனெஸ்கோ விருதும் கிடைத்தது.

பங்குக்காரன்:
அங்கே வீட்டுக்குள் ஆள் இருந்தது. இங்கே பூட்டு. முகப்புக்குச் சாயம் பூசிவிட்டுப் போனால் பின்னால் கூடல்வாய் ஒழுகிக்கொண்டே இருக்கும். வளவின் இரண்டு பக்கக் கூரைகள் சேரும் அந்த மூலையில் சருகு அடைத்தால், தண்ணீர் ஓட்டுக்கு அடியில் ஏறி, ஓட்டைத் தாங்கும் கைமரத்துக்குப் போகிறது. புரட்டாசிக்குள் ஒரு ஆள் மேலே ஏறிச் சருகை அள்ளி, நழுவிய ஓட்டைச் சொருகினால் ஒரு வருடம் தாங்கும். சுவரில் அரசங்கன்று முளைத்தால் வேரோடு எடுக்க வேண்டும், தலையை வெட்டினால் இன்னும் தடித்து வரும். மானியம் கொடுப்பதென்றால் கூரைக்கு முதலில் கொடுங்கள்.

ஊருணிக்கரை:
குத்தகையை ரொம்பப் பாடாதீர்கள். பினாங்கு ஜார்ஜ் டவுனில் 2000-ல் வாடகைக் கட்டுப்பாடு நீங்கியதும் பழைய குடித்தனக்காரர்கள் காலி செய்தார்கள். 2008-ல் உலக மரபு அங்கீகாரம் வந்த பிறகு விடுதியும் காபிக்கடையும் பெருகின. கட்டடம் நின்றது, தெருவில் குடியிருந்தவர்கள் நிற்கவில்லை.

பங்குக்காரன்:
கானாடுகாத்தானின் பூட்டிய வீட்டில் காலி செய்ய யார் இருக்கிறார்கள்?

கரணை:
பட்டாலையின் தடைக்கு ஒரு நடைமுறைச் சிக்கல். கூரையைச் சரி செய்யப் பழைய நாட்டு ஓடு வேண்டும். அதே அளவில் புதிதாகச் செய்பவர்கள் அபூர்வம். இப்போது அந்த ஓடு இடிந்த வீட்டிலிருந்துதான் வருகிறது. கழற்றுவதை முழுக்க நிறுத்தினால், நிற்கிற வீட்டுக்கும் ஓடு கிடைக்காது.

பட்டாலை:
அப்படியானால் தடையில் ஒரு விலக்கு: விழுந்த வீட்டின் ஓடும் மரமும் பேரூராட்சிக் கிடங்குக்கு வரட்டும். அதே ஊரில் பழுது பார்ப்பவருக்கு மட்டும் விற்கட்டும்.

கரணை:
செய்யலாம், கிடங்கு ஒழுங்காக இருந்தால். ஓடுகளைச் செங்குத்தாக அடுக்குங்கள், படுக்கவைத்து உயரமாக அடுக்கினால் அடியில் இருப்பது நொறுங்கும். மரம் தரையிலிருந்து ஓரடி மேலே, கறையான் மருந்து அடித்து. எந்த வீட்டின் எந்த அறையிலிருந்து வந்தது என்று கழற்றும்போதே பெயிண்டில் எண் போடுங்கள். சுண்ணக்கட்டியில் எழுதினால் லாரியிலேயே அழிந்துவிடும்.